அறுபது ஜெப அறைகள்

கிட்ட வந்து உட்காருங்கள். கதவைச் சாத்த வேண்டாம். ஆற்று வாடை கொஞ்சம் உள்ளே வரட்டும், அது இல்லாமல் இந்தக் கதை விளங்காது.

ஃபிஜித் தீவில் எங்கள் வைலோமா ஊரின் சாக்கடைக் குழாய், வெள்ளைக்காரன் காலத்தில் நாலாயிரம் பேருக்கென்று பதித்தது. இப்போது ஊரில் பத்தொன்பதாயிரம் பேர். நகரசபை இதைத் தீர விசாரித்தது. குழாயில் யாதொரு குறையும் இல்லை, ஜனங்கள்தான் அளவுக்கு மீறி இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தது. ஆகவே, பொதுநலன் கருதி, இனிக் கட்டும் வீட்டில் கழிப்பறை இருந்தால் அனுமதி கிடையாது என்று உத்தரவு போட்டது.

ஜனங்களும் உத்தரவுக்கு அடங்கியவர்கள்தான். வரைபடத்தில் அந்த இடத்தில் "ஜெப அறை" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆறடிக்கு நாலடி, உயரத்தில் சின்ன ஜன்னல், உள்பக்கம் தாழ்ப்பாள். அனுமதி மறுநாளே வந்தது. தலைநகரத்து அதிகாரி ஒருவர் கோப்பைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பக்தியுள்ள ஊரைத் தன் சர்வீஸில் கண்டதில்லை என்று குறிப்பு எழுதினார்.

ஊலாமிலாவுக்கு ஆற்று முகத்துவாரத்துச் சேறுதான் வயல். தண்ணீர் வற்றும்போது சிப்பி தோண்டிச் சந்தையில் குவித்து விற்பாள். மேலே ஆற்றங்கரையில் புதிதாக அறுபது வீடு வந்தது. அந்த வருஷமே முகத்துவாரத்தில் ஒரு பலகையும் வந்தது: தண்ணீர் கெட்டது, சிப்பி எடுக்கக் கூடாது.

அவள் நகரசபையின் திட்ட அதிகாரி எபாரமாவிடம் போனாள்.

"தம்பி, ஆறு ஏன் கெட்டுச்சு?"

"கெடலையே அக்கா. போன மாசம்கூட சோதனை பண்ணோம். பளிங்கு மாதிரி இருக்கு."

"எங்க எடுத்த தண்ணி?"

"அருவிக்கு மேல. கீழ எடுத்தா அழுக்கா வருது."

"அப்ப பலகை எதுக்கு?"

"பலகை ஜனங்களுக்கு, சோதனை கோப்புக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

"அந்த அறுபது வீட்டுலேருந்துதானே வருது?"

"அங்க கழிப்பறையே கிடையாது அக்கா. வரைபடத்தைப் பாருங்க."

"அப்ப ஆத்துல மிதந்து வர்றது என்ன, ஜெபமா?"

"கோப்புப்படி வேற எதுவும் வர வழியில்ல."

"நீயும் அங்கதானே இருக்கே? ஜெப அறை வச்சிருக்கியா?"

"ரெண்டு," என்றான் எபாரமா. "ஒண்ணு விருந்தாளிக்கு."

ஊலாமிலா வாதாடவில்லை. கோப்பில் உள்ளதை அப்படியே நம்பிவிடுவது என்று முடிவு செய்தாள்.

எங்கள் பக்கத்தில் ஜெபம் பண்ண வந்தவரை யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். அதிலும் ஞாயிற்றுக்கிழமை, பாட்டு நடுவில், ஊர்த் தலைவனே ஆனாலும் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து, தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் சேப்பங்கிழங்கும் சாப்பிட்டு, எபாரமா மச்சான்மாரோடு உட்கார்ந்து யங்கோனா என்னும் போதை வேரை இடித்துக் கரைத்து ஆளுக்கு எட்டுச் சிரட்டை குடித்திருந்தான். அப்போது திருச்சபைப் பெண்கள் நூற்றிருபது பேர் பாயும் பாட்டுப் புத்தகமுமாக வந்து, வீட்டுக்கு இரண்டு பேராக அறுபது வீட்டிலும் நுழைந்தார்கள். எபாரமா வீட்டில் ஒரு ஜெப அறையில் ஊலாமிலா, இன்னொன்றில் அவள் சிநேகிதி வாசிதி. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள்.

பத்தாவது பாட்டில் எபாரமா கதவைத் தட்டினான். "அக்கா, இன்னும் எத்தனை பாட்டு?"

"புத்தகத்துல இருக்கிறது பூரா, தம்பி. முந்நூத்தி நாப்பது."

அவன் கால் மாற்றி நின்றான். பின்னால் மச்சான்மார் வரிசையில் நின்றார்கள். "தோட்டத்துப் பக்கம் போகலாம்னா பக்கத்து வீட்டுக்காரன் ஏற்கெனவே அங்க நிக்கிறான்," என்றான் ஒரு மச்சான்.

"அக்கா, இது ஜெப அறை இல்ல."

"கோப்புல இருக்கே."

"கோப்பு கிடக்கட்டும் அக்கா."

"அப்படின்னா எழுதிக் குடு."

கதவுக்கு அடியில் காகிதம் வந்தது. *மேற்படி அறை கழிப்பறையே என்று இதனால் உறுதி கூறுகிறேன்.* சாயங்காலத்துக்குள் அறுபது வீட்டிலிருந்தும் அப்படி அறுபது காகிதம்.

அத்தனையும் மேசையில் வந்து விழுந்ததும் நகரசபைக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. புதுக் குழாய் கேட்டுத் தலைநகரத்துக்கு எழுதினார்கள். பதில் வந்தது: கொடுக்கலாம், ஆனால் அந்த அறுபது மட்டும் போதாது, ஊரில் ஜெப அறை உள்ள அத்தனை பேரும் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

புதன்கிழமை திருச்சபைக் கூடத்தில் எபாரமா காகிதத்தை விரித்தான். "யார் யார் வீட்டுல இருக்கு?"

நூற்றிருபது பெண்களும் விசிறியால் விசிறிக்கொண்டார்கள். போதகர் கூரையைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல நிஜமாவே ஜெபம்தான் பண்றோம்," என்றாள் வாசிதி.

ஊலாமிலாவின் விசிறியும் நிற்கவில்லை. பழைய வீட்டைப் புயல் கொண்டுபோன பிறகு அவள் கட்டிய வீட்டிலும் சமையலறைக்குப் பின்னால் ஆறடிக்கு நாலடி ஒன்று இருந்தது. அதிலிருந்து போவது நேரே சிப்பிச் சேற்றுக்குத்தான். பத்து வருஷமாக அந்தச் சிப்பியைத்தான் ஊர் வாங்கித் தின்றது, அவளும் தின்றாள்.

கடைசியில் எழுந்து போய் முதல் கையெழுத்தைப் போட்டாள். பேனாவைப் போதகரிடம் நீட்டினாள்.

"நான் ஜெபம் பண்ணிட்டு முடிவு சொல்றேனே," என்றார் போதகர்.

சரி என்றாள் ஊலாமிலா. பாயைச் சுருட்டிப் பாட்டுப் புத்தகத்தோடு கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவருக்கு முன்னால் அவர் வீட்டை நோக்கி நடந்தாள்.