எதிர்வீட்டில் குடியிருந்த குழம்பு

ஒலாடோகுன் வீட்டுக் குழம்பு எதிர்வீட்டில் குடியிருந்தது. அதை நினைத்தாலே அவருக்கு வயிறு எரிந்தது.

விஷயம் இதுதான். மனைவி மொரேனிகே சனிக்கிழமையானால் வாரத்துக்கும் சேர்த்து ஒரு பெரிய பானை எகுசிக் குழம்பு வைப்பாள். கருவாடும் மாட்டுத்தோலும் போட்டு, முலாம்பழ விதை போன்ற எகுசி விதையை அரைத்து ஊற்றி வைத்தால் தெருவே மணக்கும். ஆனால் நைஜீரியாவின் இபாடான் நகரில் மின்சாரம் தனக்குத் தோன்றினால்தான் வரும். பாதிக் குழம்பு புளித்துச் சாக்கடைக்குப் போகும். கொட்டிக் கொட்டி அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. எதிர்வீட்டுப் பிரம்மச்சாரி கொலாவோலேயிடம் பெரிய ஃப்ரீசரும் ஜெனரேட்டரும் இருந்தன. குழம்பைக் கிண்ணம் கிண்ணமாகப் பிரித்து அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டாள். இரண்டு மாதமாக ஒரு கரண்டிகூட வீணாகவில்லை. வீணாய்ப் போனது ஒலாடோகுனின் நிம்மதி மட்டும்தான்.

"ஒரு கிண்ணம் எடுத்துட்டு வர ஏழு நிமிஷமா?"

"அடியில இருந்துச்சு. தோண்டி எடுக்க வேணாமா?"

"சிரிப்புச் சத்தம் கேட்டுச்சே! கிண்ணமா சிரிச்சுது?"

"தம்பி ஏதோ சொன்னாரு, சிரிச்சேன். நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன், சிரிக்கிறேன்."

ஒலாடோகுன் ஒரு மணி நேரம் யோசித்தார். ஒன்றும் வரவில்லை. தம்பியாம், தம்பி! ஆறடி உயரத்தில், வெள்ளைப் பல்லோடு எந்த ஊரில் தம்பி இருக்கிறான்?

அடுத்த சனிக்கிழமை பானை இறங்கியதும் எழுந்து நின்றார்.

"இனிமே இந்த வீட்டுக் குழம்பு இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது!"

"கெட்டுப்போகுமே, ரெமி அப்பா." பிள்ளை பேரைச் சொல்லித்தான் அவள் புருஷனைக் கூப்பிடுவாள்.

"காலையில ஒரு கொதி, சாயங்காலம் ஒரு கொதி. ஃப்ரீசர் இல்லாத வீட்ல எல்லாம் அப்படித்தானே காப்பாத்துறாங்க?"

"யாரு கொதிக்க வைக்கிறதாம்?"

"நான்."

"நீங்களா!"

"நானேதான். ஒரு வேளை தப்பட்டும், என் பேரை மாத்திக் கூப்பிடு."

மொரேனிகே உடனே கரண்டியை அவர் கையில் கொடுத்தாள். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் அங்கேயே உஷாராகியிருப்பான்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் நான்கு நாளும் சட்டை மேல் துண்டைக் கட்டிக்கொண்டு கிண்டினார். விரலைச் சுட்டுக்கொண்டார். அடி பிடிக்காமல் காப்பாற்றினார். எதிர்வீட்டுப் பக்கம் மொரேனிகே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒலாடோகுனுக்குத் தலைகால் புரியவில்லை.

வியாழன் காலை அடுப்பைப் பற்றவைக்கப் போனவர் ஜன்னல் வழியே பார்த்தார். மொரேனிகே சந்தையிலிருக்கும் தன் துணிக்கடைக்குக் கிளம்பிப் போகிறாள். அதே நேரம் கொலாவோலே பைக்கை வெளியே தள்ளுகிறான். அதே திசை!

குழம்பாவது கொதியாவது! துண்டை வீசிவிட்டு ஓடினார். மொரேனிகே நேரே சந்தைக்குப் போனாள். கொலாவோலே முனையில் திரும்பி முடிவெட்டும் கடையில் வண்டியை நிறுத்தினான். மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றவரை அவன் பார்த்துவிட்டான்.

"என்னண்ணே, நீங்களும் முடிவெட்டவா?"

"ஆமா… ஆமா."

மூன்று நாளுக்கு முன்னால்தான் வெட்டியிருந்தார். கடைக்காரன் மிச்சமிருந்ததையும் எடுத்துவிட்டான். மொட்டைத் தலையோடு அப்படியே அலுவலகம் போனார்.

மாலை நான்கு மணிக்கு வந்து மூடியைத் திறந்தார். நுரை! நாற்றம் மூக்கில் அறைந்தது. "ஐயோ, வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டோமே!" என்று தலையில் கை வைத்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை.

குழம்பைச் சாக்கடையில் கொட்டினார். பானையைத் தேய்த்தார். ஆறு மணிக்கு அவள் வந்துவிடுவாள். கடையில் வாங்கி ஊற்றினால் ஒரே நக்கில் கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் குழம்பு மறுபடி எதிர்வீட்டுக்குக் குடிபோகும். ஏழு நிமிஷமும் சிரிப்பும் கூடவே திரும்பி வரும். அவள் கைக்குழம்பே வேண்டும். பழைய கிண்ணம் ஏதாவது மிச்சம் இருந்தால், அது இந்த ஊரிலேயே ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கும்.

மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி…" வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. "எங்க வீட்டுக் கிண்ணம் பழசு ஏதாவது அடியில கிடக்குதாப்பா? அக்காவுக்குத் தெரிய வேணாம்."

"ஒண்ணே ஒண்ணு இருக்கு அண்ணே. சனிக்கிழமைதான் அக்கா கொண்டாந்து வச்சாங்க."

"சனிக்கிழமையா? இந்த சனிக்கிழமையா?"

கொலாவோலே உள்ளே போய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். மூடி மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஒலாடோகுன் பனியைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார். மொரேனிகேயின் கையெழுத்து.

"ரெமி அப்பா வந்து கேட்டால் கொடுக்கவும். வியாழக்கிழமைக்கு மேல் தாங்க மாட்டார்."