காற்றும் தேறிய வெள்ளிக்கிழமை

பிழையே இல்லாத பொருளைச் செய்ய மனித குலம் எத்தனையோ நூற்றாண்டு தவம் கிடந்தது. அந்த வரம் 1994இல், புக்கிட் தெங்கா மின்னணுச் சில்லுத் தொழிற்சாலையில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிடைத்தது. தேர்ச்சி நூறு விழுக்காடு!

வரம் வாங்கித் தந்தவன் குலசேகரம், தற்காலிக டெக்னீஷியன். கார் பிரேக்குக்குப் போகும் சில்லுகளைச் சோதிக்கும் மென்பொருளுக்கு ஒரு துணை நிரல் எழுதிக் கம்பைல் செய்து பொருத்தினால் வேலை நிரந்தரம் என்றிருந்தார்கள். ஓட்டிப் பார்க்கச் சோதனை இயந்திரம் தரவில்லை. அது ஓயாமல் உற்பத்தியில் இருந்தது. எனவே அமைப்புக் கோப்பில் 'பாவனை = 1' என்று போட்டு, இயந்திரம் இல்லாமலே ஓட்டினான். பாவனையில் நிரல் எதையும் அளக்காது. அளந்ததாக எண்ணிக்கொண்டு 'பாஸ்' சொல்லும். வியாழன் மாலை நிரலைப் பொருத்தியவன், வீட்டுக்குப் போகும் ஃபெரிப் படகைப் பிடிக்கும் அவசரத்தில் அந்த ஒன்றைச் சைபராக்க மறந்தான்.

"தம்பி, இங்க வா லா," என்றாள் இயந்திரத்தை ஓட்டும் புஷ்பவள்ளி. "சாக்கெட்டுல சிப்பே இல்ல. பாஸ்ங்குது."

"எத்தன தடவக்கா?"

"நாப்பது. காத்துகூட பாஸாயிருச்சு."

குலசேகரம் மேலாளர் விஸ்வலிங்கத்திடம் ஓடினான்.

"சார், ஒரே வரி மாத்தணும்."

"மாத்தினா எவ்வளவு வரும்?"

"பழையபடி எண்பத்தி மூணு."

"நூற எண்பத்தி மூணாக்க பெர்மிஷன் கேக்குறியா? மாற்றப் படிவத்துல ஏழு கையெழுத்து வேணும். ஏழு பேரும் ஹெட் ஆபீஸ் ஆள வரவேற்கப் போயிட்டாங்க."

"பிரேக்குக்குப் போற சிப் சார்!"

"நான் ஓட்டிட்டு வந்த கெரெத்தாவுல பிரேக் நல்லாத்தான் பிடிக்குது லா."

பதினொரு மணிக்கு 'பிழையின்மை விழா'. மாலை, கேடயம், கைதட்டல். குலசேகரத்துக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிப் போய்க் காலி சாக்கெட்டை மூடிப் பொத்தானை அழுத்தினான். பச்சை விளக்கு எரிந்தது.

ஹெட் ஆபீஸ் விருந்தினர் குனிந்து பார்த்தார். "சில்லே இல்லாமல் தேர்ச்சியா?" என்று ஆங்கிலத்தில் வியந்தார். "அற்புதம்! மற்ற ஆலைகளுக்கும் அனுப்புங்கள்."

மாலைக்குள் ஏழு கையெழுத்தும் விழுந்தன, வேறொரு படிவத்தில்: பணி நீக்கம். சில்லுகள் லாரி ஏறின. குலசேகரம் பையோடு வாசலுக்கு வந்தான்.

அன்று அந்த ஆலையில் தேறாமல் போனது அவன் ஒருவன்தான். நிஜமாகவே சோதிக்கப்பட்டதும் அவன் ஒருவன்தான்.