ஆடிக் கூழும் ஆசீர்வாதக் கஞ்சியும்

"ஊது."

போதகர் ஜெபின் சபை வாசலில் நின்றுகொண்டு, ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ரோஷனின் வாய்க்கு நேராக மூக்கை நீட்டினார். போக்குவரத்து போலீஸ்காரர் கூட இவ்வளவு கிட்டத்தில் வரமாட்டார்.

ரோஷன் ஊதினான். ஹால்ஸ் மிட்டாய் வாசனை அடித்தது.

"கூழ் குடிச்சியா?"

"ஐயோ, இல்ல பாஸ்டர். சளி."

"பின்னாடி நிக்கிற உன் சம்சாரத்துக்கு?"

"அதுக்கும் சளி பாஸ்டர். ஃபேமிலிக்கே சளி."

அன்று ஆடி மாதத்து முதல் ஞாயிறு. சபைக்கு வந்த அத்தனை பேருக்கும் சளி. திருவொற்றியூரில் சபை நடக்கும் இரும்புக்கடை மாடி முழுக்க ஹால்ஸ் வாசனை. அதற்கு அடியில் வெங்காய வாசனை, அதற்கும் அடியில் கருவாட்டு வாசனை. ஜெபினுக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லாம் அந்த வீடியோவால் வந்த வினை. ஜெபின் நாகர்கோவில் பக்கத்துக்காரர். பொது விஷயங்களில் ஊழியக்காரன் துணிந்து நிலைப்பாடு எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பச்சை குத்துவதற்கு எதிராக எடுத்தார், கிழிந்த ஜீன்ஸுக்கு எதிராக எடுத்தார், பிறந்தநாள் கேக்கை மூஞ்சியில் பூசுவதற்கு எதிராகக் கூட எடுத்தார். நாய் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஆடிக் கூழுக்கு எதிராக எடுத்தார். "அம்மன் கோயில் கூழைக் குடிச்சிட்டு வர்றவனுக்கு என் சபையில இடமில்லை!" என்று விரலை ஆட்டினார். யாரோ புண்ணியவான் அந்த வீடியோவில் தப்பட்டை அடியைச் சேர்த்துவிட, எண்ணூரிலிருந்து எம்.கே.பி. நகர் வரை ஆட்டோவுக்கு ஆட்டோ அதுதான் ஓடியது.

அதைத் தலைமைச் சபையின் பெரிய ஐயாவும் பார்த்துவிட்டார்.

"தம்பி, பிரமாதம்!" என்று போனில் தழுதழுத்தார். "ஆடி மூணாம் ஞாயிறு நானே வர்றேன். நேரலை. கூழை விட்ட சபையை உலகமே பார்க்கணும். ஹால் நிறையணும், என்ன?"

"நிறையும் ஐயா."

"நிறையலைன்னா கவலைப்படாதீங்க. சபையை என் மருமகன் பார்த்துக்குவான். நீங்க ஊருக்குப் போய் அப்பாவோட ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கலாம்."

ஜெபினுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. அந்த மாடியில் எலி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவரே துடைப்பம் பிடித்துப் பெருக்கி, அவரே பெயின்ட் அடித்து ஆரம்பித்த சபை அது. அதை எவனோ மருமகனுக்கு விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

அவர் மனைவி ரெஜினாவுக்கு வேறு கவலை. அவள் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள்.

"யோவ், ஒன்ன யாரு கூழாண்ட வம்புக்குப் போவச் சொன்னது? குடியப் பத்திப் பேசு, வட்டிக்கு வுடறதப் பத்திப் பேசு, வரதட்சணையப் பத்திப் பேசு."

"பேசினேனே! முன்வரிசை எழும்பிப் போச்சுல்லா?"

"அத்தொட்டு கூழப் புடிச்சியாக்கும். அது பாவம், வாயில்லாத ஜீவன். தோ பாரு, ரப்பர் தோட்டத்துக்கெல்லாம் நான் வரமாட்டேன். அங்க நண்டு கெடைக்குமா?"



வாய் ஊதும் சோதனை ஹால்ஸ் மிட்டாயிடம் தோற்றதால், இரண்டாம் ஞாயிறுக்கு வேறு வழி பிடித்தார். தெருக்கோடி நாகாத்தம்மன் கோயிலில் காலை எட்டு மணிக்குக் கூழ் ஊற்றுவார்கள். ஆகவே ஆராதனையை ஏழு மணிக்கே ஆரம்பித்து, மாடிப்படி இரும்புக் கதவுக்குப் பூட்டும் போட்டு, சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். பிரசங்கத்தை இழு இழுவென்று இழுத்தார். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போது மட்டும் சத்தத்துக்குப் பயந்து நிறுத்துவார். அன்றைக்கு அதற்கும் நிறுத்தவில்லை.

மணி பத்து ஆனது. ஒருவர் கூட எழுந்து போகவில்லை. ஜெபினுக்கு மனம் நிறைந்துவிட்டது.

"கண்களை மூடி ஜெபிப்போம்," என்றார்.

நீளமாக ஜெபித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், கீபோர்டு வாசிக்கிறவர் மீசையில் கேழ்வரகு ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கு பேர் ஜன்னலோரம் நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் நுனியில் ஒரு சொம்பு மேலே வந்துகொண்டிருந்தது.

ஜெபின் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். கீழே பூமாரி நின்றிருந்தாள். கோயிலுக்குக் கூழ் காய்ச்சுகிறவள். அந்த வட்டாரத்தில் அவள் கைக்கூழுக்கு இணை கிடையாது.

"பாஸ்டரு, ஒனக்கும் ஒரு சொம்பு ஏத்தட்டா? தொண்ட காஞ்சி போயிருக்குமே, பாவம்!"

ஜெபின் ஜன்னலைப் படாரென்று சாத்தினார். கூழ் சிந்திய கையோடு சபையே அவரைப் பரிதாபமாகப் பார்த்தது.

"சண்ட போட்டு ஆவாது," என்றாள் ரெஜினா அன்று மத்தியானம். "அதுங்களுக்குக் கூழு வோணும். நீயே ஊத்திடு, வேல முடிஞ்சுது."

"கூழுக்கு எதிரா நிலைப்பாடு எடுத்தவன் கூழ் ஊத்துறதா?"

"பேர மாத்து. இன்னா இப்ப?"

இப்படித்தான் 'ஆசீர்வாதக் கஞ்சி' பிறந்தது. மறுநாளே தண்டையார்பேட்டையில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஜஹாங்கீரிடம் போய்ப் பெரிய அண்டா ஒன்று கேட்டார்.

"இது நோன்புக் கஞ்சி காய்ச்சற அண்டா," என்றார் ஜஹாங்கீர்.

"அதுல நாங்க வேற கஞ்சி காய்ச்சினா தப்பில்லையே பாய்?"

"அண்டாவுக்கு இன்னா தெரியும் பாஸ்டர்? அடி புடிக்காம தேச்சிக் குடுங்க, அது போதும்."

அடி பிடித்தது. ஜெபின் தானே வீடியோ பார்த்துக் காய்ச்சிய முதல் கஞ்சியில் கட்டி கட்டியாக மாவு நின்றது. ரெஜினா கரண்டியை விட்டுக் கிளறினாள். கரண்டி அப்படியே நட்டுக்கொண்டு நின்றது.

"இத்த ஊத்துனா சபை காலியாவாது. ஆஸ்பத்திரி ரொம்பும். பூமாரிய இட்டாந்து வெய்யி, அதான் ஒரே வழி."

வேறு வழியில்லாமல் ஜெபின் பூமாரியைக் கூப்பிட்டனுப்பினார். வந்தவளிடம் கண்டிப்பாகச் சொன்னார்:

"வேப்பிலை கட்டக் கூடாது. மஞ்சத் தண்ணி தெளிக்கக் கூடாது. அம்மன் பேரு சொல்லக் கூடாது."

"செரி நைனா. முருங்கக்கீர போடலாமா?"

"அது போடலாம்."

"கருவாட்டுக் கொழம்பு?"

ஜெபின் கொஞ்சம் யோசித்தார். நாக்கில் எச்சில் ஊறியது. "மீன்ல தப்பில்லை," என்றார். "ஆனா அன்னைக்குக் கோயில்ல யாரு காய்ச்சுவா?"

"எனுக்கு இன்னா நாலு கையா கீது? மூணாம் வாரம் இல்லன்னு ஜெயவேலாண்ட சொல்லிக்கறேன்." ஜெயவேல்தான் கோயில் கமிட்டித் தலைவர்.

ஜெபினுக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலில் கூழே கிடையாதா! அவசரப்பட்டு அந்த நிமிஷமே பெரிய ஐயாவுக்குப் போன் போட்டார்.

"ஐயா, நம்ம வீடியோ வேலை செய்துட்டு. மூணாம் ஞாயிறு அந்தக் கோயில்ல கூழே இல்லையாம்!"

"அல்லேலூயா!" என்று மறுமுனை அலறியது. "ரெண்டு கேமராவா கொண்டுவரேன் தம்பி."

மூன்றாம் ஞாயிறு வந்தது. பெரிய ஐயாவை ரயிலடியில் போய் அழைத்துக்கொண்டு ஜெபின் தெருவுக்குள் நுழைந்தால், கூட்டமான கூட்டம். ஹால் நிறைந்து, மாடிப்படி நிறைந்து, இரும்புக்கடை வாசலும் நிறைந்து வழிந்தது. கொடுங்கையூரிலிருந்தும் காத்திவாக்கத்திலிருந்தும் கூட ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் சொம்பு.

பெரிய ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி, பெண்கள் எல்லாரும் மஞ்சள் புடவையில! விளைஞ்சு நிக்கிற வயல் மாதிரி இல்ல?"

மஞ்சளைப் பார்த்ததுமே ஜெபின் கூட்டத்தில் ரெஜினாவைத் தேடினார்.

"தலையெல்லாம் ஈரம் பாருங்க! ஞானஸ்நானத்துக்கு ரெடியாவே வந்துட்டாங்க!"

ரெஜினா கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "யோவ், இது பூமாரி கையத் தேடி வந்த கூட்டம்யா. பூரா ஆத்தா ஆளுங்க."

"மெதுவா பேசு. நம்ம ஆட்கள் எங்க?"

"யாருக்குத் தெரியும்? ஒரு மூஞ்சி கூட தெரிஞ்ச மூஞ்சியா இல்ல. கீபோர்டு கூட சொம்மா கெடக்குது."

அதற்குள் கேமராக்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. பெரிய ஐயா மேடையேறி இரண்டு கைகளையும் உயர்த்தினார். கை தூக்கியவரைப் பெண்கள் பார்த்தார்கள். கூழ் ஊற்றப் போகிறார்கள் என்று நினைத்து மொத்தமாகக் குலவையிட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"அந்நிய பாஷை!" என்று பெரிய ஐயா கேமராவைப் பார்த்துக் கத்தினார். "பிரியமானவர்களே, கேளுங்கள்! ஆவி இறங்கிச் சபை முழுக்க அந்நிய பாஷை பேசுகிறது!"

குலவைச் சத்தத்தில் மூன்றாம் வரிசை அம்மாள் ஒருத்திக்கு அருள் வந்துவிட்டது. கூந்தல் அவிழ, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெரிய ஐயாவின் நேர் எதிரே வந்து நின்று ஆடினாள்.

"கொற வெச்சிட்டியேடா! எனுக்குக் கொற வெச்சிட்டியேடா!"

ஜெபின் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், ரப்பர் தோட்டம் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டு, கண்ணைத் திறந்து பார்த்தால், பெரிய ஐயா முழங்காலில் நின்று தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

"உண்மைதான் தாயே! குறை வெச்சிட்டோம்! நாங்க எல்லாருமே குறை வெச்சிட்டோம்!"

அந்த அம்மாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். இந்த மாதிரி சட்டென்று ஒத்துக்கொண்டவனை அவள் ஆயுசில் பார்த்ததில்லை. பெரிய ஐயாவின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் பூமாரி கஞ்சி ஊற்றினாள். பெரிய ஐயா ஒரு சொம்பு குடித்தார். கருவாட்டுக் குழம்பைத் தொட்டுக்கொண்டு இன்னொரு சொம்பு குடித்தார். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இன்னும் ஊற்றச் சொன்னார். ஏப்பம் விட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"பிரியமானவர்களே! இந்தத் தம்பி உயிரோடு இருக்கிற வரைக்கும் இந்தச் சபை இவருடையது. என் மருமகனாவது, கிருமகனாவது!"

ஜெபினுக்குக் கால் தரையில் பாவவில்லை. ரெஜினாவைப் பார்த்தார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்யா, தப்பிச்சோம்! சீக்கிரமா ரயில் ஏத்தி அனுப்பு," என்று கிசுகிசுத்தாள்.

"ஐயா, ரயிலுக்கு நேரமாச்சு," என்றார் ஜெபின்.

"இருக்கட்டும் தம்பி. அந்தக் கோயிலைக் காட்டாமப் போனா எப்படி?"

"எந்தக் கோயில்?"

"கூழ் இல்லாமக் கிடக்குதே, அந்தக் கோயில்! நீங்கதானே போன்ல சொன்னீங்க? ஒரு நிலைப்பாட்டினால என்ன நடக்கும்னு ஜனங்க கண்ணால பார்க்கட்டும். கேமராவை அணைக்காதீங்கப்பா!"

"வேண்டாம் ஐயா. வெயில். நாய் வேற கிடக்கும்."

"நாயா? நான் சிங்கத்துக்கே பயப்படமாட்டேன்!"

சொல்லிக்கொண்டே அவர் படியிறங்கிவிட்டார். கேமராக்கள் இரண்டும் பின்னால் ஓடின. ஜெபின் அதற்கும் பின்னால் ஓடினார். கமிட்டிக்காரர்கள் கோபத்தில் அடிக்க வந்தால் என்ன செய்வது? கூழை நிறுத்தினவன் இவன்தான் என்று கேமரா முன்னாலேயே சட்டையைப் பிடித்தால்? ஓடுகிற ஓட்டத்திலேயே ஜெபித்தார். அன்றைக்கு அவர் மனப்பூர்வமாகச் செய்த ஜெபம் அது ஒன்றுதான்.

கோயில் வாசலில் ஈ காக்கை இல்லை. பெரிய ஐயா கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கேமராவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"பாருங்கள் பிரியமானவர்களே! ஒரு ஊழியக்காரன் துணிந்து நின்றால் ஒரு தெருவே மாறும். இதோ, உங்கள் கண்ணுக்கு முன்னால், ஆளே இல்லாத கோயில்!"

அப்போது உள்ளேயிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெயவேல் வேகமாக ஓடி வந்தார். ஜெபின் இரண்டடி பின்வாங்கினார். ஜெயவேல் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாடா, வந்துட்டியா பாஸ்டரே! மாடியில எடம் இல்லன்னு ஒன் சபை ஆளுங்க அத்தினி பேரும் காலைலேர்ந்து உள்ள பாய் போட்டு ஒக்காந்துகினு கீறாங்க. நீ வர்ற வரைக்கும் நம்ம பூசாரிதான், பாவம், தெரிஞ்ச ரெண்டு அல்லேலூயா பாட்டப் பாடி சமாளிச்சுகினு கீறாரு!"