தராசு வந்த வீடு

அடுக்களை வாசலில் ஆபீசரின் பியூன் தராசைத் தொங்கவிட்ட பிறகுதான் சூசைமேரிக்கு மூச்சு சீரானது. அதன் தட்டில் குருணையும் முருங்கைக்கீரையும் தவிர வேறெதுவும் ஏறப்போவதில்லை. அதற்கான ஏற்பாட்டை விடியுமுன்பே முடித்திருந்தாள்.

எந்த வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எடை போட்டுப் பார்க்கக் கடல் தாண்டி மெயின்லாண்டிலிருந்து ஆபீசர் வந்திருக்கிறார், சாப்பாடு போதாத வீட்டுக் குழந்தைக்குப் பால் பவுடர் கிடைக்கும் என்று ஃபீனிக்ஸ் பே குடியிருப்பு முழுக்கப் பேச்சு. சூசைமேரியின் மகள் லூசிக்கு இரண்டு வயது. தூக்கினால் துணிமூட்டையைத் தூக்கியது போலிருக்கும்.

மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் குருணைக் கஞ்சிதான். பாழாய்ப்போன அதிர்ஷ்டம், படகுத்துறை ஜெட்டியில் வேலை செய்யும் புருஷன் அந்தோணிமுத்துவுக்கு நேற்றுப் பார்த்தா மீன்பிடி லாஞ்சுக்காரர்கள் முழுச் சூரை மீனைத் தூக்கிக் கொடுப்பார்கள்? மெட்ராஸ் கப்பலில் தம்பி அனுப்பிய நல்ல அரிசியும் வந்து சேர்ந்திருந்தது. அரிசியையும் முட்டைச் சட்டியையும் கட்டிலுக்கடியில் தள்ளினாள். மீனைப் பக்கத்து வீட்டு ரஷீதாவிடம் நீட்டி, "இது உங்ககிட்ட இருக்கட்டும்க்கா" என்றாள். காரணம் சொல்ல வெட்கம்.

ஆபீசர் பக்தவத்சலம் குருணையையும் கீரையையும் எடை போட்டார். அவள் உலையில் போட்டாள்.

"இவ்வளவுதானாம்மா?"

"இவ்வளவுதான் சார்."

அப்போது ரஷீதா ஆவி பறக்கும் குழம்புச் சட்டியோடு உள்ளே வந்தாள்.

"மீனைக் குடுத்துட்டு எதுக்குன்னு சொல்லாமப் போறியே புள்ள. ஆபீசர் வர்ற நாளு, உனக்குக் கை ஒழியாதுன்னு எனக்குத் தெரியாதா? தேங்காப்பால் ஊத்தி ஆணம் வச்சுட்டேன்."

சூசைமேரி ஆபீசர் பக்கம் திரும்பினாள். "அது... அக்கா வீட்டு மீனு சார்."

"யார் வீட்டு மீனா இருந்தா என்னம்மா? உங்க வாய்க்குள்ள போனா உங்க கணக்கு."

"எங்க வாய்க்குள்ள போகாது சார். உங்களுக்குன்னுதான் அக்கா கொண்டாந்திருக்கு. உக்காருங்க."

"டூட்டியில நாங்க சாப்பிடக்கூடாதும்மா" என்றார் ஆபீசர். தராசு பிடித்த பியூன் மீரான் அதற்குள் சம்மணம் போட்டிருந்தார். மீன் வாசனை ஆபீசரையும் மெல்ல உட்கார வைத்தது.

முதல் கவளத்தில் அந்தோணிமுத்து வந்தான். ஆபீசரின் தட்டைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"வீடு தேடி வந்த சாபுக்குக் குருணைச் சோறா போடுவ? கட்டிலுக்கடியில நல்ல அரிசி இருக்குல்லா?"

சூசைமேரி கண்ணைக் காட்டினாள்.

"கண்ணுல என்ன, தூசியா?" என்று கேட்டபடியே குனிந்து அரிசியை இழுத்தான். முட்டைச் சட்டியும் கூடவே வந்தது. "இந்தா, முட்டையும் இருக்கு சாப்."

எல்லாம் முதலில் தராசுத் தட்டில் ஏறி, பிறகு அடுப்பில் ஏறின. வாசனை பிடித்து வாசலில் நின்ற தெலுங்குக்காரரையும் பெங்காலிக்காரரையும், "பைட்டோ, பைட்டோ" என்று கைபிடித்து உட்கார வைத்தான் அந்தோணிமுத்து.

"தினமும் இப்படித்தானா?" ஏப்பத்தை அடக்கிக்கொண்டு கேட்டார் ஆபீசர்.

"ஆண்டவர் புண்ணியத்துல இங்க ஒரு குறையும் இல்ல சாப்."

சூசைமேரி அவன் தொடையை அழுத்திக் கிள்ளினாள். அதை அன்பென்று எடுத்துக்கொண்டு அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

ஆபீசர் கைகழுவிப் படியிறங்கினார். பானையில் பருக்கை இல்லை. அரிசிப் பையை உதறினால் தூசிதான் விழும். சூசைமேரி லூசியை மடியில் இழுத்துக்கொண்டு தரையில் சரிந்தாள்.

"போச்சு. எம்புள்ளைக்குப் பால் பவுடர் போச்சு."

தராசைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்த மீரான் குரலைத் தாழ்த்தினார்.

"பரேஷான் ஆகாத தங்கச்சி, கவலைய விடு. முத நாள் எடைய சார் கணக்குலயே சேக்க மாட்டாரு, எந்த வீட்டுலயும் முத நாளு உண்மை வேகாது. அசல் கணக்கு நாளையிலேருந்துதான் ஷுரு, வீட்டுல மிச்சம் இருக்கறத ஆக்கு, போதும்."