டிவியின் கதவைத் தட்டிய அக்கா

ஐ.டி.யில் வேலை என்று சொல்லிக்கொள்பவனிடம் வீட்டு இண்டர்நெட்டை ஒப்படைக்கக் கூடாது. நானே சொல்கிறேன். அப்போது அலுவலகத்தில் என் வேலை எக்செல் கட்டங்களுக்கு மஞ்சள் அடிப்பது. சாந்தோமில் எங்கள் தெருவுக்கு அது தெரியாது. நானும் மறந்திருந்தேன்.

ஸ்டெல்லா அக்கா கல்யாணமாகி டொரண்டோ போய் மூன்று மாதம். போனில் "நல்லாருக்கேன்" என்பாள். அதற்குமேல் பேச்சு நகராது. சின்ன வயதில் நாங்கள் அடித்துக்கொண்டு விளையாடிய, கட்டை அடுக்கி வீடு கட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டை நம் வீட்டு லேப்டாப்பிலேயே நடத்துகிறேன், நீ அங்கிருந்து உள்ளே வா என்றேன். அவள் குரலில் உயிர் வந்தது.

அதற்கு ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்ய வேண்டும். வெளியிலிருந்து இந்த வாசலுக்கு வருபவர்களை வீட்டுக்குள் ஐந்தாம் எண்ணுக்கு அனுப்பு என்று சொல்லிவைப்பது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு எண் கொடுக்கும், ஐந்தாம் எண் என் லேப்டாப். சனிக்கிழமை அசோக் நகர் நண்பனை வைத்துச் சோதித்தேன், வந்துவிட்டான். (காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். போட்டிருந்தது பனியன்.)

ஞாயிறு மாலை. அங்கே காலை. புதிதாகக் கிடைத்த இரண்டு தோழிகளை இட்லிக்கு அழைத்து, தம்பியின் பெருமையைக் காட்ட அக்கா உட்கார்ந்திருந்தாள். வீடியோ காலில் மூவரும் தெரிந்தார்கள்.

"கனெக்டே ஆகலடா."

"உன் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுக்கா."

ஐந்து முறை செய்தாள். பிறகு கனடாவின் இண்டர்நெட்டையே குறை சொன்னேன். குளிரில் ஒயர் சுருங்கியிருக்கும் என்றேன். (அது ஜூலை மாதம்.) தோழி ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பரவால்லடா, இன்னொரு நாள் பாக்கலாம்." பழைய 'நல்லாருக்கேன்' குரல்.

முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்த அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "என்னதான்டா பண்ண? மொதல்லேர்ந்து சொல்லு."

சொன்னேன்.

"சரி, அஞ்சாம் நம்பர் இப்ப யாரு?"

"லேப்டாப்தான்மா."

"பாத்தியா?"

பார்த்தேன். லேப்டாப் எட்டில் இருந்தது. ஐந்தில் டிவி.

காலையில் சர்ச்சுக்குப் பூசைக்குக் கிளம்பும்போது அம்மா வழக்கம்போல மெயின் சுவிட்சையே அணைத்திருக்கிறாள். (நாங்கள் வெளியே போனால் ஃபிரிட்ஜ்கூட மூச்சுவிடக் கூடாது.) திரும்பி வந்து போட்டதும் ரவுட்டர் எல்லாருக்கும் புது எண் கொடுத்திருக்கிறது, முந்திக்கொண்ட டிவி ஐந்தை வாங்கிக்கொண்டது. அக்கா முக்கால் மணி நேரமாக டிவியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ரவுட்டரில் எழுதியிருந்த ஐந்தை எட்டாக மாற்றினேன்.

"டேய், உள்ள வந்துட்டேன்டா!" மூன்று பேரும் கத்தினார்கள். தோழிகள் அன்று அங்கே மத்தியானம்வரை கிளம்பவில்லை. இன்றுவரை ஞாயிறுதோறும் வருகிறார்கள்.

இப்போதும் அக்கா போன் செய்தால் முதல் கேள்வி, "டிவி சார் வீட்ல இருக்காரா? கதவத் தொறப்பாரா?"

லேப்டாப்புக்கு எட்டாம் எண்ணை நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டேன், இனி அணைத்தாலும் மாறாது என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். நம்பவில்லை. மெயினைத் தொடுவதை விட்டுவிட்டு, பூசைக்கு முன் ஒவ்வொரு சுவிட்சாகப் போய் அணைக்கிறாள். ரவுட்டர் சுவிட்சின் மேல் மட்டும் அவளுடைய டீச்சர் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "அணைக்காதே. ஸ்டெல்லா வருவாள்."