பேனாட்டின் ட்றக் ஒழுகுகிறது

"இது எண்ணெய்," என்றார் பேனாட், ட்றைவ்வேயில் முழங்காலில் நின்றபடி.

"எண்ணெய்தானே. கழுவிவிடுங்கோ," என்றாள் றீற்றா வாசலில் நின்று.

கழுவிவிடுகிற விஷயமா அது? வேலை முடிந்து வந்து ட்றக்கைத் திருப்பும்போதே அவர் கண்டுவிட்டார். தினமும் ட்றக்கின் முன்பக்கம் நிற்கிற இடத்தில் உள்ளங்கையளவு கறை. ட்றக்கைத் தெருவிலேயே விட்டுவிட்டு ஓடிவந்து குனிந்தவர் இன்னும் நிமிரவில்லை. விரலில் தொட்டு மணந்தார். கூழ்முட்டை மணம் மூக்கில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை மாதா திருநாள். மாதாவின் சொரூபத்தைத் தெரு வழியே ஏற்றிப்போக இந்த வருடம் கோயில் கமிட்டி தெரிவுசெய்தது பேனாட்டின் பிக்கப் ட்றக்கை. அதற்காக அவர் கமிட்டிக்காரர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்த் தேநீர் குடித்தார். ஏனென்று ஒருவருக்கும் சொல்லவில்லை. போன மாரியில் றீற்றாவைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, ஆஸ்பத்திரிக் கோப்பி மெஷினுக்கு முன்னால் நின்று அவர் அழுதபடி ஒரு நேர்த்தி வைத்தார். 'தாயே, இவ நல்லபடியா வெளியில வந்தா, வாற திருநாளுக்கு உன்னை எங்கட வீட்டு ஆக்கள்தான் ஏத்திக்கொண்டு போவம்.' றீற்றா நல்லபடியாக வந்துவிட்டாள். மாதா தன் பங்கைச் செய்தாயிற்று. மிச்சம் பேனாட்டின் பங்கு.

பேனாட் கொஞ்சம் கனவுக்காரர். பச்சை விளக்கு விழுந்தாலும் பின்னால் ஹோர்ன் அடித்தால்தான் நகருவார். இப்போதும் ஆனி மாதத்துப் பொப்லர் மரப் பஞ்சு தலையில் வந்து இருக்க, அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குள் மார்க்கம் றோட்டில் மாதா மிதந்து போகிறாள், பின்னால் ஒரு கறுப்புக் கோடு போகிறது.

"வாகனம் திருத்திற கராச்சில காட்டுங்கோவன்," என்றாள் றீற்றா.

"அங்கதான் கமிட்டிக்காரர் எல்லாரும் நிண்டு கதைக்கிறவை. விசயம் ஊருக்கே தெரிஞ்சிடும்."

"தூரத்தில ஒரு கராச்சுக்கு நான் கொண்டுபோய் விடட்டே?"

"நீரோ?" என்று பேனாட் வாய்விட்டுச் சிரித்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிளாசாவின் பார்க்கிங்கில் அவர் மனைவிக்கு வாகனம் பழக்கத் தொடங்கினார். றீற்றா ஒரு ஷொப்பிங் வண்டிலை இடித்தாள். "உமக்கு இது சரிவராது" என்றார். அன்றோடு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். இன்றைக்கு அவர் சிரித்ததும் உள்ளே போய்விட்டாள்.

பின்னேரம் கஸ்பர் வந்தார். றீற்றாவின் தமையன். பேனாட் ட்றக் வாங்கிய அடுத்த மாதமே அதே மொடலை அதே நிறத்தில் வாங்கியவர். அவருக்கும் மாதாவை ஏற்றிப்போக ஆசை. ஆனாலும் மச்சானுக்கு ஒன்றென்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். அன்றைக்கு நடந்து வந்திருந்தார்.

"கியர் ஒயில்," என்றார் மணந்துவிட்டு. "வேற எதுக்கும் உந்த நாத்தம் வராது. முன் டிஃபரன்சல்தான் மச்சான்."

இரண்டு முன் சில்லுகளுக்கும் நடுவில் பூசணிக்காய்போலத் தொங்கும் இரும்புப் பெட்டி அது. இயந்திரத்தின் சுழற்சியை இரண்டு சில்லுக்கும் பங்குபோடுவது. பேனாட் கீழே படுத்து அதன் அடிமூடியை இறுக்கினார். ஒரு பெரிய காட்போட் மட்டையையும் கீழே விரித்து, பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்தார்.

அவர் வேலைக்குப் போவது விடியமுன். இருட்டில் மட்டை தெரியாது. பின்னேரம் வந்து பார்த்தால் கறை நேற்றையதைவிடப் பெரிது.

"இறுக்கினாப்பிறகு கூடியிருக்கு!"

"அப்ப மூடியில்லை. கழுவிப்போட்டுப் பவுடர் பூசு. எந்த இடத்தில பவுடர் நனையுதோ அந்த இடத்தாலதான் ஒழுகுது," என்றார் கஸ்பர்.

றீற்றாவின் முகப்பவுடர் டப்பா முழுவதும் டிஃபரன்சலுக்குப் போனது. இரும்புப் பூசணிக்காய் மணப்பெண் கோலத்தில் நின்றது. அதன் கீழே படுத்திருக்க பேனாட்டுக்கு நல்ல சுகமாயிருந்தது. மல்லிகை மணத்தது, நிழல் குளிர்ந்தது, பஞ்சு மெல்ல உள்ளே வந்து அவர் மூக்கில் இறங்கியது. கண் சொருகிவிட்டது.

"அங்கிள்!"

துர்க்கா. வீட்டின் கீழே பேஸ்மன்டில் வாடகைக்கு இருக்கும் நேர்ஸ். இரவு முழுக்க வேலை, பகலில் தூக்கம்.

"காலமையில வந்து படுத்தா ட்றக் சத்தம், பின்னேரம் சுத்தியல் சத்தம். நான் எப்பதான் நித்திரை கொள்ளுறது?"

"ஞாயிறு வரைக்கும் பொறும் பிள்ளை. மாதா காரியம்."

மாதா என்றதும் துர்க்கா தணிந்துவிட்டாள். சைவப் பிள்ளைதான், ஆனாலும் மாதாவிடம் அவளுக்கும் இரண்டொரு விண்ணப்பம் இருந்தது.

அடுத்தநாள் பின்னேரம் மட்டையில் இரண்டு கறை. டிஃபரன்சலில் பவுடரோ ஒரு பொட்டும் நனையாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"மச்சான், மேலே காய்ஞ்சிருக்கு, கீழே ஈரமாயிருக்கு. இது என்ன வேலை?"

கஸ்பர் தாடியைச் சொறிந்தார். "மேலே மூச்சு விடுற குழாய் ஒண்டிருக்கு. அது அடைச்சா உள்ளுக்கை அமுக்கம் கூடி, எண்ணெய் எங்கயோ ஒளிச்சு நிண்டு ஒழுகும்."

பேனாட் குழாயைக் கழற்றி ஊதினார். பழைய குழாய். அவர் ஊதியதில் இரண்டாகப் பிளந்தது. அதற்குக் கறுப்பு நாடா சுற்றினார். ட்றக் இப்போது நோயாளிபோல இருந்தது.

சனிக்கிழமை லீவு. காலையில் பார்த்தால் புது மட்டை காய்ந்து கிடந்தது. சந்தோஷப்படவேண்டிய மனிதர் கலங்கிப்போனார். எண்ணெய் எல்லாம் ஒழுகி முடிந்துவிட்டதாக்கும்! அவசரமாக மேல்மூடியைக் கழற்றி விரலை விட்டார். விளிம்புவரை எண்ணெய். ஒழுகியதற்கு அடையாளமே இல்லை.

இத்தனை நாள் ஒழுகியும் ஒரு சொட்டும் குறையவில்லை. படுத்தபடியே சிலுவை அடையாளம் போட்டார்.

"றீற்றா! மாதாவின்ர அற்புதம்! புதுமை நடந்திருக்கு! ஒழுகுது, ஆனா குறையேல்ல!"

"எழும்பி வந்து சாப்பிடுங்கோ," என்றாள் றீற்றா.

பிறகு வந்த கஸ்பர் புதுமையை நம்பவில்லை. "சீல் போயிருக்கும். சில்லுக்குப் போற தண்டு இருக்கெல்லே, அதைச் சுத்தி ஒரு றப்பர் வளையம். அதை மாத்து."

அதுதான் கடைசி வைத்தியம். பேனாட் பழைய வளையத்தை ஸ்குறூ ட்றைவரால் நெம்ப, அது நெளிந்து தெறித்தது. புதியதைச் சுத்தியலால் தட்ட, அது கோணலாகப் போய் இறுகியது. அடுத்த நிமிடம் தேன்நிறத்தில் ஒரு சொட்டு திரண்டு, வெயிலில் மின்னி, நேரே அவர் நெற்றியில் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நிற்கவேயில்லை.

வெளியே வந்து புல்லில் இருந்தார். கண்ணீரும் கியர் ஒயிலும் ஒன்றாக வடிந்தன. ஒரு சொல் கொடுத்தேன், அதைக்கூடக் காப்பாற்ற வக்கில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். றீற்றா துணி கொண்டுவந்து முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"மச்சான்," என்றார் பேனாட். "மாதாவை நீயே கொண்டு போ."

கஸ்பர் அவரைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். "சரி," என்றார் மெல்ல.

ஞாயிற்றுக்கிழமை. பூக் கட்டவென்று றீற்றா தமையனுடன் நேரத்துக்கே போய்விட்டாள். பேனாட் பஸ்ஸில் போய், கூச்சத்தில் கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டார். கஸ்பரின் ட்றக் தெரியவேயில்லை. கதவு, பக்கக் கண்ணாடி எல்லாம் காகிதப் பூ. பின்தட்டில் மாதா நீலத் துணியில் நின்றாள்.

ட்றக் நகர்ந்தது. நிறைகுடத்தைக் கொண்டுபோவதுபோல அவ்வளவு பதம். ஒரு மெழுகுதிரி அணையவில்லை, ஒரு பூ உதிரவில்லை. பஞ்சு பறந்துவந்து மாதாவின் முக்காட்டில் தங்கியது. மரியே வாழ்க என்று சனம் பாட, பேனாட் கனவில் நடப்பவர்போல நடந்தார். நடந்து நடந்து எப்படியோ முன்னுக்கு, ட்றக்கின் பின்தட்டுக்குக் கிட்டவே வந்துவிட்டார். இந்தக் கஸ்பர் இவ்வளவு பக்குவமாக ஓட்டுவானா?

அப்போதுதான் தெருவில் அதைக் கண்டார். ஒரு கறுப்புச் சொட்டு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

பழக்கதோஷம், குனிந்து தொட்டு மணந்தார். கூழ்முட்டை. பின்னால் வந்த அன்ரிமார் என்ன ஏதென்று தெரியாமல், அவர்களும் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"என்ன மச்சான், மாலை கீலை விழுந்திட்டுதோ?" என்று பக்கத்தில் ஒரு குரல். கஸ்பர், கையில் மெழுகுதிரியுடன்.

"உன்ர ட்றக் ஒழுகுது மச்சான்! அதே எண்ணெய்! அதே..." பேனாட் நின்றுவிட்டார். ட்றக்கைப் பார்த்தார். கஸ்பரைப் பார்த்தார். "நீ இஞ்ச நிண்டா அங்க ஆர் ஓட்டுறது?"

கஸ்பர் திடீரென்று மிகவும் உரத்துப் பாடத் தொடங்கினார்.

அவருக்குப் பின்னால் சர்பத் குடித்துக்கொண்டு வந்த துர்க்காதான் பதில் சொன்னாள்.

"றீற்றா அன்ரிதான் அங்கிள். நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு காலமை காலமை கஸ்பர் அங்கிளின்ர உந்த ட்றக்கை உங்கட ட்றைவ்வேயில கொண்டுவந்து விடுறதும் எடுக்கிறதுமாத்தானே அவ பழகி லைசன்ஸ் எடுத்தவ!"