மாலை ஐந்து மணி வரை நிலையான பாதை

செழுங்கதிர் மருத்துவக் குழுமத்தின் தலைமையகம் மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் இருந்தது. கிளை கிளினிக் கிள்ளானில் இருந்தது. நோயாளிகளின் பதிவேடுகள் மொத்தமும் தலைமையகத்துக் கணினியில். ஆகவே இரண்டு இடங்களும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். இந்த உண்மையை இயக்குநர் காசிவிஸ்வநாதனுக்கு அதுவரை யாரும் எழுத்துபூர்வமாகத் தெரிவித்திருக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை கணினிகளைப் புது அறைக்கு மாற்றினார்கள். புது அறை, நெட்வொர்க்கில் புது முகவரி. தகவலுக்கு வழிகாட்டும் கிள்ளான் ரவுட்டருக்கு அது தெரியாது. நாகூரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்திருந்த நெட்வொர்க் பொறியாளர் ஜமால் முகமதுவுக்கு ஃபோன் வந்தது.

"அண்ணே, கிள்ளான் நர்ஸ் மலர் பேசுறேன். ஒரு ரெக்கார்டும் வரலை. டாக்டர் பேஷன்ட்டுக்கிட்டயே 'உங்களுக்கு என்ன வியாதி'ன்னு கேக்குறாரு லா."

ரவுட்டரில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: இந்த முகவரிக்குப் போகிற தகவல் எல்லாம் இந்த வாசல் வழியாகப் போகட்டும். அதற்குப் பெயர் ஸ்டேட்டிக் ரூட், அதாவது நிலையான பாதை. எழுத அரை நிமிடம். ஆனால் எந்த மாற்றத்துக்கும் அனுமதி தர 'மாற்ற மேலாண்மைக் குழு' கூட வேண்டும். குழு வியாழக்கிழமை கூடியது.

காசிவிஸ்வநாதன் விண்ணப்பத்தின் தலைப்பைத் தாண்டவில்லை.

"ஸ்டேட்டிக்கா? மிஸ்டர் ஜமால், இந்த வருஷம் நம்ம தீம் என்ன?"

"டைனமிக், சார்."

"டீ கப்புலகூட அச்சடிச்சிருக்கோம். நீங்க அசையாத ஒண்ணைக் கொண்டுவந்து கையெழுத்துப் போடச் சொல்றீங்க."

"அது வெறும் பேரு சார். நீங்க தினமும் ஃபெடரல் ஹைவேயில வர்ற மாதிரி, ஒரே வழி."

"நான் ஃபோன்ல வேஸ் மேப் பாத்துத்தான் வரேன்."

"வேஸ் எந்த வழி காட்டுது சார்?"

"ஃபெடரல் ஹைவேதான். ஆனா தினமும் யோசிச்சுக் காட்டுது."

விளம்பர ஆலோசகர் ஸ்ருதி இதைக் குறித்துக்கொண்டாள். தீர்மானம் நிறைவேறியது: 'மேற்படி நிலையான பாதையானது, நிலைத்தன்மை எய்தாவண்ணம், அலுவல் நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு இடப்பட்டு, மாலை ஐந்து மணிக்கு நீக்கப்படும்.'

"கிளினிக் ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கு சார்," என்றார் ஜமால்.

"அஞ்சு மணிக்கு மேல டைனமிக்கா இருக்க நம்மகிட்ட ஆள் இல்லை."

ஜமால் காலையில் எழுதினார், மாலையில் அழித்தார். அதே வரி, அதே எண்கள். எழுதும்போது வராத வெட்கம் அழிக்கும்போது வந்தது.

இரண்டாவது வாரம், மாலை ஐந்து இருபதுக்கு மலர் கூப்பிட்டாள். "அண்ணே, ஒரு ஆன்டியை மயக்கமா தூக்கிட்டு வந்திருக்காங்க. எந்த மருந்து ஒத்துக்காதுன்னு ரெக்கார்டுலதான் இருக்கு!"

ஜமாலுக்குப் பெர்மிட் நினைவுக்கு வந்தது. நாகூரில் இருக்கும் மனைவியும் நினைவுக்கு வந்தாள். பிறகு எழுதிவிட்டார்.

"வந்திருச்சுண்ணே! பெனிசிலின் கூடாதாம். டாக்டர் ஊசியைக் கையில வெச்சிக்கிட்டு நிக்கிறாரு."

அன்றிலிருந்து அவர் அந்த வரியை அழிக்கவில்லை. மூன்று மாதம் கழித்துக் குழு அவரை அழைத்தது. அகப்பட்டுக்கொண்டோம் என்று சட்டை நனையப் போய் நின்றார்.

"மூணு மாசமா கிள்ளான்லேர்ந்து ஒரு புகார்கூட இல்லை," என்றார் காசிவிஸ்வநாதன். "தினமும் அழிச்சு எழுதினதோட பலனைப் பாத்தீங்களா!"

எல்லாரும் கைதட்டினார்கள். உண்மையைச் சொல்ல ஜமால் வாயைத் திறந்தார்.

"உங்க பெர்மிட்டை ரெண்டு வருஷம் நீட்டிக்கிறோம். இனிமே நீங்க டைனமிக் பாதைப் பிரிவுத் தலைவர். உங்களுக்குக் கீழ ரெண்டு பேர்."

திறந்த வாய் வீண் போகவில்லை. "நன்றி சார்," என்றது.

எழுத தனேஷ் வந்தான். அழிக்கப் புனிதா வந்தாள். மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அவள் தயங்கினாள்.

"பாஸ், இதை அழிச்சா கிள்ளான் நின்னுபோகுமே. விட்டுடலாமா?"

"விட்டா உங்களுக்கு இங்க என்ன வேலைன்னு கேப்பாங்க." ஜமால் கொஞ்சம் யோசித்தார். "எனக்கும்தான். அழிங்க."

அழித்தாள். ஐந்து பத்துக்கு ஃபோன் அடித்தது. ஜமால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்தார்.

கிள்ளானில் மலர் ஃபோனை வைத்துவிட்டு, காத்திருந்த பதினொரு பேரிடம், "சிஸ்டம் டவுன்," என்றாள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. தேங்க்யூ சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.